15 கிலோமீற்றருக்குப் பிறகு கால் ஏன் கல்லாகிறது?

மல்லாவிப் பக்கம் படிப்பிக்கும் 34 வயது ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "அரை மரதனுக்கு (21 கிலோமீற்றர்) பழகுகிறேன். சனிக்கிழமை விடிய 5 மணிக்கு வெறுந்தேத்தண்ணி குடித்துவிட்டு வெளிக்கிடுவேன். 12 கிலோமீற்றர் வரை ஒரு கரைச்சலும் இல்லை. 15 தாண்டினால் கால் கல்லாகிவிடும், தலையும் சுற்றும். கையில் தண்ணீர்ப் போத்தல் மட்டும்தான். ஓட்டக்காரர் பாவிக்கும் ஜெல் (பசைபோன்ற இனிப்பு) எங்கள் பக்கக் கடைகளில் இல்லை. வேறு என்ன சாப்பிடலாம்?"

தங்கச்சி, உங்கள் காலில் பிழை இல்லை. இரவு 8 மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தால், நித்திரையிலும் மூளைக்கு ஈரல் சீனி அனுப்பிக்கொண்டே இருக்கும். விடியும்போது ஈரலின் இருப்பு நன்றாகக் குறைந்திருக்கும். அதோடு ஓடத் தொடங்கி ஒன்றேமுக்கால் மணித்தியாலம் ஆனால், தசையில் இருந்த மாச்சத்தும் இறங்கிவிடும். தலைச்சுற்றுக்கு பெரும்பாலும் இதுதான் காரணம். தண்ணீர் எவ்வளவு குடித்தாலும் அது தீராது, தண்ணீரில் சக்தி இல்லையே.

முதலில் வெறுவயிற்றை மாற்றுங்கள். 4.15க்கு எழும்பி இரண்டு துண்டுப் பாணில் ஜாம் பூசிச் சாப்பிடுங்கள், அல்லது இரண்டு கதலி வாழைப்பழம். தேத்தண்ணிக்குச் சீனி போடுங்கள். தேங்காய்ப்பூ நிறையப் போட்ட புட்டும் உறைப்புச் சம்பலும் அந்த நேரத்துக்கு வேண்டாம். ஓடும்போது வயிற்றைப் பிரட்டும்.

ஓட்டத்தின் நடுவில் மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து என்பதுதான் பொதுவான அளவு. நீங்கள் 40ஐக் குறியாக வையுங்கள். அதற்கு ஜெல் தேவையில்லை. பனங்கட்டி இருக்கிறதே! வெறுந்தேத்தண்ணிக்குக் கடிக்க நாங்கள் எடுக்கும் அதே பனங்கட்டிதான். பெரும்பகுதி சீனி என்பதால் 10 கிராம் துண்டில் ஏறக்குறைய 8 கிராம் மாச்சத்து கிடைக்கும். முதல்நாள் இரவே குட்டானின் ஓலையைப் பிரித்து, பெருவிரல் நுனியளவு துண்டுகளாக உடைத்து, சின்னப் பையில் இறுகக் கட்டுங்கள். சும்மா விட்டால் ஈரம் இழுத்துக் கையெல்லாம் ஒட்டும். ஓடும்போது சப்ப வேண்டாம், மூச்சு வாங்கும் நேரத்தில் புரைக்கேறும். கன்னத்துக்குள் ஒதுக்கிவிட்டு இரண்டு மிடறு தண்ணீர் குடியுங்கள், தானாகக் கரையும்.

போத்தலையும் மாற்றுங்கள். அரை லீற்றர் தண்ணீருக்கு மட்டமான 7 தேக்கரண்டி சீனி (சுமார் 30 கிராம்), அரைக்கால் தேக்கரண்டி உப்பு, பாதித் தேசிக்காய். இதைவிட இனிப்பாக்கினால் வயிற்றில் தேங்கி நிற்கும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை சில மிடறுகளாகக் குடித்தால் மணித்தியாலத்துக்கு ஒரு போத்தல் சரியாக வரும். அந்த 30 கிராமோடு பனங்கட்டித் துண்டும் சேர்ந்தால் 40க்குக் கிட்ட வந்துவிடும். ஓடும் வழியில் கடை இருக்காது. ஆகவே ஒரே நேராகப் போகாமல், வீட்டுப் பக்கமாக இரண்டு சுற்று வருவதுபோல் பாதையை அமையுங்கள். இரண்டாவது போத்தலைப் படலையடியில் வைத்துவிட்டுப் போகலாம்.

இதில் நேரம்தான் முக்கியம். கால் கல்லான பிறகு இனிப்பு வாயில் போடுவோர் பலர். அது தசைக்குப் போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். முதல் பனங்கட்டித் துண்டு 40ஆவது நிமிடத்தில், பசியே இல்லாவிட்டாலும். அப்புறம் 80இல் ஒன்று, 110இல் ஒன்று. வயிறும் காலைப்போலப் பழக வேண்டும். போட்டி நாளில் புதிதாக எதையும் சாப்பிடாதீர்கள்.

முறிகண்டிக் கச்சான் (நிலக்கடலை) நல்ல சாப்பாடு, ஆனால் ஓடும்போது வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு வயிற்றைவிட்டு மெதுவாகத்தான் இறங்கும். வீட்டுக்கு வந்து சாப்பிடுங்கள். இளநீரும் அப்படித்தான். பொட்டாசியம் நிறைய, வேர்வையில் அதிகம் போகும் சோடியம் குறைவு. ஓடி முடித்து ஒரு சிட்டிகை உப்போடு குடித்தால் நல்லது. ஜீவனியும் வயிற்றோட்டத்துக்குத் தண்ணீர் ஈடுசெய்யும் மருந்து, ஒரு லீற்றரில் சீனி கொஞ்சம்தான். அதை நம்பி 18 கிலோமீற்றர் ஓட முடியாது.

இன்னொன்று. ஓடுவதற்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் போயிருக்கிறது. நிறை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். அது இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும், ஆபத்தானது. வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வேர்வை உடனே உலர்ந்துவிடும், எவ்வளவு போனது என்று தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நீரிழிவோ சிறுநீரக வருத்தமோ இருந்தால் இதில் எதையும் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். வவுனியாப் பக்கம் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கால் நோவுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு நீண்ட ஓட்டத்துக்குப் போகவும் வேண்டாம். சாப்பிட்டு ஓடியும் தலைச்சுற்று நிற்காவிட்டால் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள்.

வரும் சனிக்கிழமை தூரத்தைக் கூட்டாமல் அதே 15ஐ இப்படி ஓடுங்கள். எந்த நிமிடத்தில் என்ன சாப்பிட்டீர்கள், வயிறு என்ன சொன்னது என்று கொப்பியில் எழுதி எனக்கு அனுப்புங்கள். அடுத்து 18 கிலோமீற்றர் ஓடுவதற்கான அளவை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.