பழைய சர்வரில் இரண்டு டிஸ்க் போட்டு பூட் டிரைவை மிரர் செய்தால், ஒன்று செத்தாலும் சர்வர் தானாக எழுமா?

எழும். ஆனால் மிரர் (ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதுவது) போட்டதால் மட்டும் எழுந்துவிடாது. இரண்டு டிஸ்க்கையும் ஒவ்வொன்றாகத் தனியே வைத்து பூட் செய்து பார்த்திருந்தால்தான் எழும் என்று தைரியமாகச் சொல்ல முடியும்.

நீங்கள் சொன்ன நிலவரம் இது: பத்து வருடத்துக்கும் மேல் ஓடிய சர்வர், புதிதாக வாங்கிய இரண்டு சாட்டா எஸ்.எஸ்.டி., லினக்ஸ் போடும் எண்ணம், கூடவே ஒரு ரெய்டு கார்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் கார்டு). அந்த கார்டிலேயே மிரர் போடுவதா, அந்த வேலையை லினக்ஸே செய்யும் மென்பொருள் ரெய்டு போதுமா என்பது உங்கள் குழப்பம்.

நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன். என் சர்வரில் மென்பொருள் மிரர் மூன்று வருடம் நலமாக ஓடியது. நிலவரம் பார்க்கும்போதெல்லாம் இரண்டு 'யு' பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டு டிஸ்க்கும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். ஒரு நாள் முதல் டிஸ்க் போனது. சர்வர் நிற்கவே இல்லை, வேலை செய்துகொண்டே இருந்தது. புது கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வந்ததால் ரீபூட் கொடுத்தேன். பூட் செய்ய டிஸ்க் எதுவும் இல்லை என்று கருப்புத் திரையில் ஒரு வரி வந்து நின்றது. தரவு ஒரு பைட்கூடப் போகவில்லை, எல்லாம் இரண்டாம் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. ஆனால் அதை எழுப்பிவிட அந்த டிஸ்க்கில் எதுவும் இல்லை.

காரணம் எளிது. மிரர் செய்யப்படுவது டிஸ்க்கைப் பிரித்த பகுதிகளான பார்ட்டிஷன்கள். பூட் ஆகும் வழி பார்ட்டிஷனுக்கு வெளியே இருக்கிறது. பழைய பயாஸ் (போர்டிலேயே பதிந்திருந்து சர்வரை எழுப்பும் ஃபர்ம்வேர்) முறையில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டைத்தான் இயந்திரம் படிக்கும். அதில் 446 பைட் பூட் கோட், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி 2 பைட் அடையாளம். அந்த 446 பைட்டுக்குள் கிரப் (லினக்ஸை ஏற்றிவிடும் பூட் புரோகிராம்) முழுவதும் அடங்காது; அதன் அடுத்த பகுதி, முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் காலியாக விடப்பட்ட இடத்தில் உட்காரும். இந்த இரண்டு இடத்தையும் மிரர் தொடுவதில்லை. கிரப்பை எந்த டிஸ்க்கில் நிறுவினீர்களோ அதில் மட்டும்தான் அது இருக்கும்.

அதனால் கிரப்பை இரண்டு டிஸ்க்கிலும் நிறுவுங்கள். டிஸ்க்கில் நிறுவ வேண்டும், பார்ட்டிஷனில் அல்ல. டெபியன் குடும்பத்தில் கிரப் பேக்கேஜை மறு அமைப்பு செய்தால் எந்தெந்த டிஸ்க் என்று கேட்கும். இரண்டையும் டிக் செய்துவிட்டால் பின்னால் வரும் அப்டேட்டுகளும் இரண்டுக்கும் போகும். கையால் ஒருமுறை நிறுவிவிட்டு இதை விட்டுவிட்டால், சில மாதங்களில் முதல் டிஸ்க்கில் புது கிரப்பும் இரண்டாவதில் பழசும் இருக்கும். பார்ட்டிஷன் அட்டவணை புது வகையான ஜி.பி.டி.யாக இருந்தால் அந்தக் காலி இடம் கிடையாது. பயாஸ் பூட்டுக்கென்று 1 எம்.பி. அளவில் தனிப் பார்ட்டிஷன் ஒன்று இரண்டு டிஸ்க்கிலும் வேண்டும். அதற்கு ஃபைல் சிஸ்டம் எதுவும் போடக் கூடாது, மிரரிலும் சேர்க்கக் கூடாது.

பயாஸுக்குப் பின் வந்த யு.இ.எஃப்.ஐ. ஃபர்ம்வேர் முறையில் சிக்கல் வேறு. அங்கே பூட் கோப்பு, ஃபாட் ஃபைல் சிஸ்டம் போட்ட இ.எஸ்.பி. என்ற தனிப் பார்ட்டிஷனில் இருக்கிறது. ஃபர்ம்வேருக்கு லினக்ஸ் ரெய்டு என்றால் என்னவென்றே தெரியாது. சிலர் மெட்டாடேட்டா (ரெய்டு தன் விவரத்தை எழுதும் வடிவம்) 1.0 வைத்து இ.எஸ்.பி.யையும் மிரர் செய்வார்கள். அந்த வகையில் ரெய்டு விவரம் பார்ட்டிஷனின் கடைசியில் எழுதப்படும், அதனால் ஃபர்ம்வேரின் கண்ணுக்குச் சாதாரண ஃபாட் ஆகவே தெரியும். வேலை செய்யும். ஆனால் ஃபர்ம்வேர் ஒரே ஒரு டிஸ்க்கில் எதையாவது எழுதிவிட்டால் இரண்டும் வேறுபடும், மிரருக்கு அது தெரியவும் தெரியாது. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. இரண்டு டிஸ்க்கிலும் தனித்தனி இ.எஸ்.பி. வைத்து, இரண்டிலும் கிரப்பை நிறுவி, ஃபர்ம்வேரின் பூட் பட்டியலில் இரண்டு பதிவு போடுவதையே நான் செய்கிறேன். எஃப்ஸ்டாபில் (எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் கோப்பு) இரண்டு இ.எஸ்.பி.க்கும் 'நோஃபெயில்' (கிடைக்காவிட்டாலும் மேலே போ என்ற குறிப்பு) போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் செத்த டிஸ்க்கின் இ.எஸ்.பி. கிடைக்கவில்லை என்று சிஸ்டம் பாதி வழியில் அவசர நிலைக்குப் போய் நிற்கும்.

உங்கள் சர்வரில் இரண்டு முறையும் இருந்தால் பயாஸ் முறையையே எடுங்கள் என்பேன். அந்தக் காலத்து யு.இ.எஃப்.ஐ. ஃபர்ம்வேர்களில் பூட் பதிவுகள் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். பயாஸில் இரண்டு டிஸ்க்கிலும் கோட் இருந்தால் போதும், நினைவில் வைக்க வேறு பதிவு எதுவும் இல்லை. எதுவானாலும் போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 பேட்டரியை முதலில் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்த சர்வரில் மின்சாரம் போய் வந்தால் பூட் வரிசை பழையபடி மாறிவிடும். நாம் மிரர் கெட்டுவிட்டது என்று வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்போம்.

இனி ரெய்டு கார்டு. அதன் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது: கார்டு இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாகவே பயாஸுக்குக் காட்டும், மேலே சொன்ன பூட் தொல்லை எதுவும் வராது. ஆனால் பழைய கார்டு செத்தால் அதே குடும்பத்துக் கார்டைத் தேடி அலைய வேண்டும். மென்பொருள் மிரரில் இருக்கும் டிஸ்க்கை லினக்ஸ் ஓடும் எந்த இயந்திரத்தில் செருகினாலும் படிக்கலாம். பத்து வருட இயந்திரத்தில் அடுத்து சாகப்போவது டிஸ்க்கா, கார்டா, போர்டா என்று சொல்ல முடியாது. அதனால் நான் மென்பொருள் பக்கம். போர்டின் சாட்டா போர்ட்டுகளில், ரெய்டு சேராத சாதாரண முறையான ஏ.எச்.சி.ஐ.யில் செருகுங்கள். கார்டு வழியாகத்தான் போக வேண்டுமென்றால், டிஸ்க்கை அப்படியே லினக்ஸிடம் காட்டும் எச்.பி.ஏ. முறை அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அமைக்கும்போது சில விஷயங்கள். ஸ்வாப்பையும் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடம்) மிரரிலேயே வையுங்கள். தனி டிஸ்க்கில் வைத்தால் அந்த டிஸ்க் போகும் நொடியில் ஸ்வாப்பில் இருந்த புரோகிராம்களும் சாகும், ஓடும் சர்வர் கவிழும். டிஸ்க்கின் கடைசியில் கொஞ்சம் இடத்தைப் பிரிக்காமல் விடுங்கள். நாளைக்கு வாங்கும் மாற்று டிஸ்க் சில எம்.பி. குறைவாக இருந்தாலும் சேரும். மெட்டாடேட்டா 1.2 தான் வழக்கமாக வரும், கிரப் 2 அதைப் படிக்கும், மாற்ற வேண்டாம். இரண்டு எஸ்.எஸ்.டி.யும் வேறு வேறு தயாரிப்பாக இருப்பது நல்லது. மிரரில் இரண்டும் ஒரே அளவு எழுத்தைத்தான் வாங்குகின்றன, ஒரே ரகமென்றால் தேய்மானமும் சேர்ந்தே வரும். ஏற்கெனவே ஒரு டிஸ்க்கில் ஓடும் சிஸ்டத்தை மாற்றுவதானால், புது டிஸ்க்கை மட்டும் வைத்து, துணை இல்லை என்று குறித்து மிரரை உருவாக்கலாம். தரவை நகலெடுத்து அதிலிருந்து பூட் ஆனபின் பழைய டிஸ்க்கைச் சேர்க்கலாம். ஒரு டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணையை இன்னொன்றுக்கு நகலெடுக்கும்போது எது மூலம், எது இலக்கு என்று சீரியல் எண்ணை வைத்து இரண்டு முறை பாருங்கள். திசை மாறினால் நல்ல டிஸ்க்கின் அட்டவணை அழியும். லினக்ஸ் கொடுக்கும் பெயர் ரீபூட்டுக்கு ரீபூட் மாறலாம், சீரியல் எண் மாறாது. அதை எழுதி டிரேயின் முகத்தில் ஒட்டிவிடுங்கள்.

சோதனைக்கு வருவோம். இதில் அவசரப்பட்டால் சோதனையே ஆபத்தாகும். முதலில் மிரர் முழுவதும் சிங்க் ஆகியிருக்க வேண்டும். சர்வரை அணைத்து, முதல் டிஸ்க்கைக் கழற்றி, இரண்டாவதை மட்டும் வைத்து எழுப்புங்கள். துணைக்காகச் சற்று நேரம் காத்துவிட்டு ஒற்றை டிஸ்க்கோடு எழ வேண்டும். எழுந்துவிட்டால் பலர் உடனே அணைத்து, டிஸ்க்கை மாற்றிச் செருகி அடுத்ததைச் சோதிப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். தனியாக ஓடிய அந்த நேரத்தில் இரண்டாவதில் புதிதாக எழுதப்பட்டிருக்கும். இப்போது முதலாவதும் தனியாக ஓடினால் அதிலும் வேறு எழுதப்படும். இரண்டும் தானே சரி என்று நிற்கும் இரண்டு பிரதிகளாகிவிடும். முதல் டிஸ்க்கைத் திரும்பச் செருகி, மிரரில் சேர்த்து, சிங்க் முடிந்து இரண்டு 'யு' வந்த பிறகே இரண்டாவதைக் கழற்றுங்கள். பிட்மேப் (எந்தப் பகுதி மாறியது என்று மிரர் வைக்கும் குறிப்பு) இருந்தால் மாறிய பகுதி மட்டும் நகலாகும், சீக்கிரம் முடியும்.

இந்தச் சோதனையிலும் அகப்படாத ஒரு நிலை உண்டு. டிஸ்க் முழுதாகச் சாகாமல் பாதி உயிரோடு இருந்தால், பயாஸ் அதன் முதல் செக்டரைப் படித்துவிட்டு அதையே நம்பிப் போய் நடுவில் தொங்கும். அப்போது யாராவது போய் அதைக் கழற்றினால்தான் இரண்டாவது எழும். 'தானாக' என்று நீங்கள் கேட்டதற்கு இது ஒரு விலக்கு. டிஸ்க் போனால் மின்னஞ்சல் வரும்படி வைத்து, எம்டிஅட்ம் (லினக்ஸின் மென்பொருள் ரெய்டு கருவி) அனுப்பும் சோதனை மடல் உண்மையிலேயே வந்து சேர்கிறதா என்றும் பாருங்கள். என் சர்வரில் அந்த மடல் வந்திருந்தால் ரீபூட்டுக்கு முன்பே கிரப்பைச் சரிசெய்திருப்பேன்.

சோதனையில் எழாவிட்டால் எங்கே நின்றது என்று கீழே எழுதுங்கள். பூட் டிஸ்க் இல்லை என்று வந்தால் கோட் நிறுவப்படவில்லை. 'கிரப் ரெஸ்கியூ' என்று வந்தால் கிரப் ஏறிவிட்டது, தன் மீதிக் கோப்புகளைத்தான் காணவில்லை. 'இனிட்ராம்எஃப்எஸ்' (கர்னலோடு முதலில் ஏறும் சிறு ஃபைல் சிஸ்டம்) என்ற வரியில் நின்றால் கர்னல்வரை வந்தாயிற்று, மிரரைச் சேர்க்க முடியவில்லை. பெரும்பாலும் எம்டிஅட்ம் கான்ஃபிக்கை மாற்றியபின் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பீர்கள்.