உங்களுக்கு மிகவும் பிடித்த வெளிநாட்டுப் படங்கள் எவை? நம் வழக்கமான மசாலாப் படங்களைவிட அவை ஏன் பிடிக்கின்றன?

என் ஊர் பேரணாம்பட்டு. அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் ஸ்டிச்சிங்கில் இருபது வருடம் வேலை பார்த்தவர். விடிவதற்குள் சோறு கட்டிக்கொண்டு தெருமுனையில் போய் நிற்பார். கம்பெனி பஸ்ஸில் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று எங்கள் பழைய வட ஆற்காட்டில் எத்தனையோ வீடுகளுக்குத் தோலும் ஷூவும்தான் சோறு போடுகின்றன. ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போகிற ஷூக்களுக்கு மேல்பாகம் தைத்த அம்மா, வேலைக்குப் போய்வந்தது ரப்பர் செருப்பில்.

இதை முதலில் சொல்லக் காரணம், எனக்கு மிகப் பிடித்த வெளிநாட்டுப் படம் ஒரு ஜோடி ஷூவைப் பற்றியது. 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்', 1997இல் மஜீத் மஜீதி எடுத்த இரானியப் படம்.

வேலூரில் கல்லூரி விடுதியில் இருந்தபோது, அறைத்தோழனின் லேப்டாப்பில் அதைப் பார்த்தேன். அவன் வாணியம்பாடிக்காரன், வீட்டில் உருது பேசுகிறவன். திரையில் பாரசீக எழுத்தில் பெயர் வந்ததும், "பச்சே... ஆஸ்மான்... வானத்துப் பிள்ளைங்கன்னு போட்டிருக்குடா" என்றான். எங்கோ இருக்கிற தெஹ்ரான் அந்த ஒரு வரியில் பக்கத்தில் வந்துவிட்டது. படம் முழுக்க சப்டைட்டிலை நான் படித்துச் சொல்ல, காதில் விழுந்த சொற்களை அவன் பிடித்துச் சொல்லிக்கொண்டே வந்தான்.

படம் ஆரம்பிப்பதே ஒரு செருப்புத் தைப்பவரின் கையில். முகம் கிடையாது. சின்னதாக ஒரு பிங்க் நிற ஷூ, ஊசி, நூல், பழக்கப்பட்ட விரல்கள், அவ்வளவுதான். பெயர்கள் ஓடி முடியும்வரை அந்தக் கை தைத்துக்கொண்டே இருக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மாவின் கை அப்படித்தான் இருக்கும். அந்தக் கையை ஒரு கேமரா இவ்வளவு பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கதை இதுதான். தைத்து வாங்கிய தங்கை ஸாராவின் ஷூவை, வரும் வழியில் காய்கறிக் கடையில் தொலைத்துவிடுகிறான் அண்ணன் அலி. அப்பாவிடம் சொல்ல முடியாது, புதிது வாங்க வீட்டில் காசில்லை. ஸாராவுக்குக் காலைப் பள்ளி, அலிக்கு மதியப் பள்ளி. அதனால் அண்ணனின் ஷூவையே இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். பள்ளி விட்டதும் ஸாரா சந்து சந்தாக ஓடி வருவாள், அலி காத்திருந்து மாட்டிக்கொண்டு ஓடுவான். படத்தின் பரபரப்பெல்லாம் இந்த ஓட்டம்தான். அண்ணனின் ஷூ அவளுக்குப் பெரிது. ஓடும்போது அது கழன்று சாக்கடைத் தண்ணீரில் விழுந்து அடித்துக்கொண்டு போகிற இடத்தில், என் நண்பன் கட்டிலை விட்டு எழுந்தே நின்றுவிட்டான்.

இந்தப் படத்தில் இரண்டு இடங்களை நான் எல்லோரிடமும் சொல்வேன். தொலைந்த ஷூ ஒருநாள் பள்ளியில் வேறொரு சிறுமியின் காலில் இருப்பதை ஸாரா பார்த்துவிடுகிறாள். அண்ணனைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டு வாசல்வரை போகிறாள். அந்தச் சிறுமியின் அப்பாவுக்குக் கண் தெரியாது. அவள் அவரைக் கைபிடித்து வெளியே கூட்டி வருகிறாள். பிள்ளைகள் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். கேட்க வந்ததைக் கேட்காமலே போகிறார்கள், அதற்கு ஒரு வசனம்கூட இல்லை.

இன்னொன்று சர்க்கரைக் காட்சி. அலியின் அப்பா மசூதிக்குக் கொடுக்க வேண்டிய சர்க்கரைக் கட்டிகளை வீட்டில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருக்கிறார். மகள் டீ கொண்டு வருகிறாள். டீக்குச் சர்க்கரை வேண்டும் என்கிறார். முன்னால்தான் குவியலாகக் கிடக்கிறதே என்கிறாள் குழந்தை. அது மசூதியுடையது, நம்மை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்கிறார் அவர். நண்பன் மெதுவாக "அமானத்" என்றான். எங்கள் ஊரில் அடைக்கலமாக ஒப்படைத்த பொருளுக்கு முஸ்லிம் வீடுகளில் சொல்கிற சொல் அது. ஒரு மனிதர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல ஒரு டம்ளர் டீயும் ஒரு கட்டிச் சர்க்கரையும் போதுமாக இருக்கிறது.

நீங்கள் கேட்ட 'ஏன்' என்பதற்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. இந்தப் படங்களில் பொருளுக்கு எடை இருக்கிறது. ஷூ என்றால், அதை வாங்க எத்தனை நாள் உழைக்க வேண்டுமோ அத்தனை நாள் கனம். நம் வழக்கமான படங்களில் வறுமை முதல் பத்து நிமிடத்தில் வந்து ஒரு பாட்டுக்குள் தீர்ந்துவிடும். அந்தப் பாட்டு தரும் தெம்பில் நானும் வளர்ந்தவன்தான், முதல் நாள் முதல் காட்சிக்கு வரிசையில் நின்றவன்தான். ஆனால் எங்கள் வீட்டில் பள்ளிக்கூட ஷூ வாங்குவது மூன்று மாதப் பேச்சு. அந்த மூன்று மாதத்தை நம் பெரிய படங்கள் தாண்டிக் குதித்துவிடும். மஜீதி அதற்குள்ளேயே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

அதே எடையுள்ள இன்னொரு படம் இத்தாலிய 'பைசைக்கிள் தீவ்ஸ்'. விட்டோரியோ டி சிக்கா 1948இல் எடுத்தது. போர் முடிந்த ரோம் நகரம், வேலையில்லாத கூட்டம். அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது, ஆனால் சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகில். மனைவி கட்டிலில் விரித்திருக்கும் விரிப்புகளை உருவி எடுத்துப்போய் அடகு வைத்து அதை மீட்கிறாள். அடகுக் கடையில் அந்தத் துணி மூட்டையை ஒரு ஊழியர் சுமந்துகொண்டு, கூரைவரை மூட்டைகள் அடுக்கிய அலமாரியில் ஏறிக்கொண்டே போவார். ஒரு ஊரே தன் விரிப்புகளை அடகு வைத்திருப்பது அந்த ஒரு காட்சியில் தெரிந்துவிடும். வீட்டு நகை எப்போதும் கடையிலேயே இருந்த எங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வேலைக்குப் போன முதல் நாளே சைக்கிள் திருடு போகிறது. பிறகு அப்பாவும் சின்ன மகன் புரூனோவும் தெருத்தெருவாகத் தேடுவதுதான் படம்.

அந்தோனியோவாக நடித்த லம்பெர்தோ மஜ்ஜொரானி நிஜத்தில் ஆலைத் தொழிலாளி. படத்துக்குப் பணம் போட முன்வந்த ஒரு ஹாலிவுட் தயாரிப்பாளர், அங்கே பெரிய நட்சத்திரமான கேரி கிராண்டை நாயகனாகப் போடச் சொல்லியிருக்கிறார். டி சிக்கா மறுத்துவிட்டார். மறுத்தது எவ்வளவு சரி என்று மஜ்ஜொரானியின் நடையைப் பார்த்தால் புரியும். நட்சத்திரம் ஒருவர் சைக்கிளைத் தேடினால், கிடைத்துவிடும் என்று நாம் சாய்ந்து உட்கார்ந்துவிடுவோம். இவர் தேடும்போது அந்தத் தைரியம் நமக்கு வருவதில்லை. 1950இல் லண்டனில் இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் சத்யஜித் ராய்க்குத் தன் முதல் படத்தை எப்படி எடுப்பது என்று தெளிந்தது.

யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) எனக்கு முதல் தடவை பிடிக்கவில்லை, மெதுவாகப் போகிறது என்று பாதியில் நிறுத்தினேன். பிறகு வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் ஒரு சந்தில் அறை எடுத்துத் தங்கினேன். சுற்றிலும் லாட்ஜ்கள். வங்காளத்திலிருந்து ரயிலேறி வந்த வயதானவர்கள் வாசல்படியில் உட்கார்ந்து, ஸ்டவ்வில் மீன் குழம்பு வைத்துக்கொண்டு, மகன் ரிப்போர்ட் வாங்கி வரக் காத்திருப்பார்கள். அதைத் தினமும் பார்த்த பிறகு அந்தப் படத்தை மறுபடி போட்டேன். ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ வரும் கிழவனும் கிழவியும். மகன் டாக்டர், மகள் அழகு நிலையம் நடத்துகிறாள், யாருக்கும் நேரமில்லை. போரில் இறந்த இன்னொரு மகனின் மனைவி நொரிகோ மட்டும் வேலைக்கு லீவு போட்டு அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். பிள்ளைகள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் வலிக்கிறது. ஓசு கேமராவைத் தாழ்வாக வைப்பார், நாமும் அவர்களோடு பாயில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

அப்பாஸ் கியாரோஸ்தமியின் 'வேர் இஸ் தி ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்' (1987) படமும் இந்த வரிசைதான். தவறுதலாகத் தன்னிடம் வந்துவிட்ட நண்பனின் நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து ஊருக்கு ஓடும் சிறுவன், அவ்வளவே. பார்த்துவிட்டு எழுதுங்கள், நான் அதிகம் சொல்லப்போவதில்லை.

வெளிநாடு என்பதால் உயர்வு என்று நான் நினைப்பதில்லை. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) ஒரு செங்கலின் எடையையும் காட்டிய படம். 2015இல் வந்த 'காக்கா முட்டை'யில் ஒரு பீட்சாவுக்கு அந்த எடை இருந்தது. அப்படி ஒன்று தமிழில் வரும்போது இரானியப் படம் பார்ப்பதைவிட எனக்கு இரட்டிப்புச் சந்தோஷம். வருடத்துக்கு எத்தனை வருகின்றன என்பதுதான் என் ஆதங்கம்.

'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' படத்தைப் பொங்கல் லீவில் வீட்டில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "இன்னாடா, ஒரு பாட்டுகூட காணோம்?" என்று ஆரம்பித்தார். ஸாரா ஓடுகிற இடத்தில், "அந்தக் கொழந்தைக்கு குதி வெளிய வருது பாரு, ரெண்டு சைஸ் பெருசு" என்றார். அண்ணனும் தங்கையும் அழுக்கு ஷூவைத் தேய்த்துக் கழுவி, சோப்பு நுரையில் முட்டை ஊதுகிற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். கடைசியில் ஓட்டப் பந்தயம். மூன்றாவது பரிசுதான் ஷூ, அலி முதலாவதாக வந்துவிடுகிறான். எல்லோரும் தூக்கிக் கொண்டாட அவன் மட்டும் அழுகிறான். அப்பாவின் சைக்கிளில் புது ஷூக்கள் இருப்பதை நமக்கு மட்டும் காட்டிவிட்டு, அலி தொட்டித் தண்ணீரில் கொப்புளம் கட்டிய காலை விடுவதோடு படம் முடிகிறது. அந்தக் காலைச் சுற்றி மீன்கள் கூடுகின்றன.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அளவு பாத்து வாங்கியிருப்பானா அவங்கப்பன்?" என்றார்.

மறுநாள் அவரோடு அதே லைனில் தைத்த பக்கத்துத் தெரு அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். அம்மா என்னைக் கூப்பிட்டு, "மொதல்ல ஒரு கை வருமே, அது மட்டும் போடுடா, அக்கா பாக்கட்டும்" என்றார்.