வட்ட முகம், மைனஸ் 5 பவர்: எந்தப் பிறேம் எடுப்பது?

கேட்டவர் கிளிநொச்சியில் இருக்கிறார். வட்ட முகம், இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 5, தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறார். இப்போது எல்லோரும் போடுகிற பெரிய பிறேம் தனக்கு வடிவாக இருக்குமா என்பது அவருடைய கேள்வி.

மைனஸ் 5 க்கு அந்தப் பெரிய பிறேம் வேண்டாம். முகம் வட்டமா நீளமா என்பதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். முதலில் மூக்கு, அடுத்தது லென்ஸுக்குள் கருமணி எங்கே விழுகிறது என்பது. இவை பிழைத்தால் எவ்வளவு விலையான பிறேமும் இரவல் கண்ணாடி போலத்தான் தெரியும்.

பிறேமின் காலை விரித்து உட்பக்கம் பாருங்கள். 52, ஒரு குட்டிச் சதுரம், 18, பிறகு 140 என்ற மாதிரி அச்சடித்திருக்கும். 52 லென்ஸின் அகலம், 18 மூக்குக்கு மேல் வருகிற இடைவெளி, 140 காலின் நீளம். எல்லாம் மி.மீ. முதல் இரண்டையும் கூட்டுங்கள்: 70. உங்கள் இரண்டு கருமணிகளுக்கும் இடையிலான தூரத்துக்கு இந்தத் தொகை எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது. கடையில் அந்தத் தூரத்தைப் பீ.டி என்பார்கள், வளர்ந்தவர்களில் பலருக்கு 58 க்கும் 68 க்கும் இடையில் வரும். கண் வைத்தியர் தருகிற துண்டில் பல நேரம் இது இருக்காது. கடையில் அளந்து துண்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். லென்ஸ் வெட்ட வெளியூருக்கு அனுப்புகிற கடையென்றால் இது கட்டாயம்.

உங்கள் பீ.டி 62 என்று வைப்போம். 54-18 பிறேமில் கூட்டுத்தொகை 72. வித்தியாசம் 10; அப்படியென்றால் கருமணிக்கு நேரே வர ஒவ்வொரு லென்ஸின் நடுவையும் 5 மி.மீ மூக்குப் பக்கம் தள்ளி வெட்ட வேண்டும். மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லிசு, ஓரத்தில் தடிப்பு. நடு உள்ளே போகப் போக காதுப் பக்கம் தடித்த ஓரம் கூடுதலாக மிஞ்சும். சாதாரண 1.50 பிளாஸ்ரிக்கில் (இந்த எண் கூடக் கூட லென்ஸ் மெல்லிசாகும்) அது ஏறத்தாழ 7 மி.மீ வரும். அதே கண்ணுக்கு 48-18 எடுத்தால் தள்ளல் 2 மி.மீ தான், ஓரம் ஐந்தரைக்கு இறங்கும். பெரிய பிறேமுக்கு விலை கூடிய 1.67 லென்ஸ் போட்டாலும் ஏறத்தாழ 5 இல்தான் வந்து நிற்கும். சின்னப் பிறேம் சும்மா தருகிற மெல்லிசை, பெரிய பிறேமில் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடியைப் பார்த்து அழகு பார்க்க முதல் குனிந்து தரையைப் பாருங்கள், தலையை இரண்டு தரம் ஆட்டுங்கள். வழுக்கினால் மூக்கில் பிடிப்பில்லை. பிறகு வாய்விட்டுச் சிரியுங்கள். வட்ட முகக்காரருக்குக் கன்னம் மேலே ஏறிப் பிறேமைத் தூக்கும். தூக்கினால் அது உங்களுக்கு உயரம் கூடியது. கடைசியாக, நீங்கள் நேரே பார்க்க, கடைக்காரரைக் கொண்டு மாதிரி லென்ஸில் கருமணிக்கு நேரே மார்க்கரால் ஒரு புள்ளி வைப்பியுங்கள். கழற்றிப் பார்த்தால் புள்ளி லென்ஸின் நடு உயரத்திலோ சற்று மேலேயோ, அகலத்தில் நடுவிலோ கொஞ்சம் மூக்குப் பக்கமாகவோ இருக்க வேண்டும். காதுப் பக்கம் விழுந்தால் பிறேம் உங்களுக்குச் சிறிது.

இனி வடிவம். வட்ட முகத்துக்கு மூலை லேசாக மழுங்கிய நீள்சதுரம் எடுபடும். கூர் மூலை வேண்டாம், மைனஸ் லென்ஸின் தடிப்பெல்லாம் மூலையில்தான் போய்க் குவியும். பிறேமின் மொத்த அகலம் முகத்தின் அகலத்தைத் தாண்டக் கூடாது. கண்ணாடி மாதிரியான நிறமில்லாத பிறேமும் மெல்லிய கம்பிப் பிறேமும் தடித்த ஓரத்தைக் காட்டிக்கொடுக்கும். கடும் நிறப் பிளாஸ்ரிக் மறைக்கும்.

ஆனால் எங்கள் வெக்கைக்குப் பிளாஸ்ரிக்கில் ஒரு குறை உண்டு. மூக்குத் தாங்கி பிறேமோடு ஒன்றாக வார்த்திருப்பதால் வியர்வையில் இறங்கும், பிறகு வளைத்துச் சரிசெய்யவும் முடியாது. பிளாஸ்ரிக் முகப்பு, உலோகக் கம்பியில் சிலிக்கன் தாங்கி வைத்த வகை கிடைத்தால் அதையே எடுங்கள். தாங்கி மஞ்சளானால் அதை மட்டும் மாற்றலாம். மலிவான உலோகப் பிறேம்களில் செம்பும் நிக்கலும் கலந்திருக்கும்; வியர்வை பட்டுப் பச்சை பிடிக்கும், சிலருக்கு மூக்கோரம் சொறியும்.

ஹெல்மெட்டைக் கடைக்குக் கொண்டு போங்கள், வெட்கப்படத் தேவையில்லை. தடித்த காலென்றால் ஹெல்மெட் பஞ்சு அதைப் பொட்டில் அழுத்தும், மாங்குளம் போய்ச் சேர முதல் தலையிடி தொடங்கும். கால் மெல்லிசாக, காதுக்குப் பின்னால் அளவாக வளைந்ததாக இருக்கட்டும். முதலில் ஹெல்மெட், பிறகு கண்ணாடி. கழற்றும்போது முதலில் கண்ணாடி, அதுவும் இரண்டு கையாலும். கண்ணாடியோடு சேர்த்து ஹெல்மெட்டை இழுப்பதால்தான் பல பிறேம்கள் அகன்று தொளதொளக்கின்றன. விளிம்பில்லாத, திருகாணி போட்ட வகை கிறவல் றோட்டுக்குச் சரிவராது. ஓடுகிறவருக்குப் பொலிகாபனேற் லென்ஸ் நல்லது, அடிபட்டாலும் இலகுவில் சிதறாது. கீறல் விழுகிற சாதி அது, ஆகவே கீறல் தடுக்கும் பூச்சோடு கேளுங்கள்.

எந்த லென்ஸானாலும் செம்மண் புழுதியோடு சேட்டு நுனியால் துடைத்தால் மணல் பேப்பர் தேய்த்த மாதிரிதான். தண்ணீரில் அலசி, ஒரு துளி சோப்பு, பிறகு துணி. உப்புத் தண்ணீர்க் கிணறென்றால் காயவிடாமல் உடனே ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைப் பொட்டு விழும். வெயிலில் நிற்கிற சைக்கிளின் டாங்கியில் வைக்கவே வேண்டாம். சூட்டில் பிளாஸ்ரிக் விரியும், மேல்பூச்சு அந்தளவு விரியாது, சிலந்திவலை போல வெடிக்கும்.

புதுக் கண்ணாடியோடு முதல் இரண்டு மூன்று நாள் தரை சரிந்த மாதிரித் தெரியலாம். ஒரு கிழமைக்குப் பிறகும் அப்படியே இருந்தால் துண்டோடு கடைக்குப் போய், லென்ஸின் நடு உங்கள் பீ.டி க்கு நேரே விழுகிறதா என்று மெஷினில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.