டீச்சரிடம் கேளுங்கள்: எந்தக் கோயிலில் ஓலை வாசிப்பது?

(இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சபைகளுக்குள் நடக்கும் சண்டை, சமாதானம் பற்றியவை. அதனால் சமையல், பள்ளிக்கூடக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். கோபிக்க வேண்டாம்.)

டீச்சர், நான் தங்கச்சிமடம். ஆர்.சி. மாப்பிள்ளை வீடு ராமநாதபுரம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). எங்கள் சாமியார் ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்பதாக எழுதித் தர வேண்டும் என்கிறார். "எங்களை என்ன அஞ்ஞானிகள் என்று நினைத்தார்களா?" என்று மாமனார் குதிக்கிறார். காலையில் அங்கே, சாயங்காலம் இங்கே என்று இரண்டு இடத்திலும் கல்யாணத்தை வைத்துவிடலாமா?

அம்மாடி, முதலில் மாமனாரைக் குளிர வை. சி.எஸ்.ஐ.யில் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுத்த ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை செல்லும் என்று ஏற்றுக்கொள்கிறது. மாப்பிள்ளை ஆர்.சி.க்கு மாறினால்கூட மறுபடி ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள். உனக்குத் தேவைப்படுவது ஆயரின் அனுமதி மட்டும். ஞானஸ்நானம் பெறாதவரைக் கட்டுவதானால்தான் விதிவிலக்கு என்ற பெரிய படி வரும். இதை அவரிடம் நிதானமாகச் சொன்னாலே பாதிச் சூடு இறங்கிவிடும்.

அடுத்து அந்த வாக்குறுதி. அதைக் கொடுப்பது நீ. "என்னால் முடிந்த அளவு செய்வேன்" என்பதுதான் அதன் சாரம். மாப்பிள்ளைக்கு விஷயத்தைத் தெரியப்படுத்த வேண்டும் என்கிறது சட்டம், அவரிடம் வாக்குக் கேட்கவில்லை. அவருடைய ஐயரும் (சி.எஸ்.ஐ. போதகர்) அவரிடம் இதே மாதிரி ஒன்றை எதிர்பார்க்கலாம். ஆகவே பிள்ளை விஷயத்தைக் கல்யாணத்துக்கு முன்பே நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசாதீர்கள்.

இரண்டு கல்யாணம் கூடாது. திருமணச் சம்மதத்தை இரண்டு சடங்கில் சொல்லத் திருச்சபைச் சட்டம் தெளிவாகவே தடை போடுகிறது. கோயில் எது என்று முடிவு செய்யுங்கள். சி.எஸ்.ஐ. கோயில் என்றால் சிவகங்கை ஆயர் அதற்கும் விலக்குத் தர முடியும், முன்கூட்டியே கேட்க வேண்டும். ஆர்.சி. கோயில் என்றால் அவர்களுடைய ஐயர் வந்து வேதம் வாசித்து, ஜெபித்து, ஆசீர்வதிக்கத் தடை இல்லை. கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டு கோயிலிலும் வாசிக்கச் சொல்லுங்கள், ஊருக்கும் தெரியட்டும்.

இன்னொன்று, பூசை வைக்காமல் திருமணச் சடங்கை மட்டும் வைக்கச் சொல். பூசை வைத்தால் நன்மை (நற்கருணை அப்பம்) கொடுக்கிற நேரம் வரும். உன் சொந்தம் எல்லாம் எழுந்து வரிசையில் போகும், அவர் சொந்தம் எல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். கல்யாணப் பெண் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். நான் பாம்பன் ஆர்.சி., வீட்டுக்காரர் சி.எஸ்.ஐ. அவர் கோயிலில் திருவிருந்து நாளில், "மற்ற சபைகளில் திருவிருந்து எடுக்கிறவர்களும் வரலாம்" என்று ஐயர் அழைப்பார். என் பக்கத்துச் சட்டம் விடாது. அவர் என் முழங்காலைத் தாண்டிக்கொண்டு போவார், திரும்பி வந்து தலையைக் குனிந்து உட்காருவார். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன். பழகிவிடும் என்று சொல்வார்கள். எனக்குப் பழகவில்லை. உனக்குப் பொய் சொல்ல மனமில்லை.

1947இல் பல புராட்டஸ்டண்ட் சபைகள் சி.எஸ்.ஐ. என்று ஒன்றானதாகப் பெருமை பேசுகிறோம். அதற்கப்புறம் ஒன்றுமே நகரவில்லையே? (கல்லூரி மாணவர், ராமநாதபுரம்)

அந்த 1947க்கே எவ்வளவு இழுபறி என்று தெரியுமா தம்பி? 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய போதகர்கள், அதிகம் பேர் நம் நாட்டவர், "எங்கள் ஊர்ப் பிரிவினை எங்களுடையதல்ல, வெளியிலிருந்து வந்தது" என்கிற பொருளில் ஓர் அறிக்கை விட்டார்கள். முன்னால் நின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியா. அங்கிருந்து ஒன்றிப்புக்கு 28 வருஷம்! சண்டை எதில்? முக்கியமாகப் பிஷப் விஷயத்தில். பிஷப் கை வைக்காமல் போதகரானவர்களுக்கு மறுபடி அபிஷேகம் செய்ய வேண்டுமா என்று ஆங்கிலிக்கன்காரர்கள் (இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்தவர்கள்) பக்கம் பெரிய தகராறு. கடைசியில், இருக்கிறவர்கள் அப்படியே இருக்கட்டும், இனிமேல் வருகிறவர்களுக்குப் பிஷப் கை வைக்கட்டும் என்று முடித்தார்கள். 1947 செப்டம்பர் 27, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல். அசரியா அதைப் பார்க்கவில்லை, 1945 ஜனவரி 1 அன்றே இறந்துவிட்டார். ஆந்திராவில் நந்தியால் பக்கத்து ஆங்கிலிக்கன் சபைகள் சேரவே மாட்டோம் என்று தனியே நின்றன.

நம் ஊர் சுவார்ட்ஸ் பள்ளிக்கூடம் (அப்துல் கலாம் படித்ததே, அதுதான்) ஆங்கிலிக்கன் மிஷன் வழி. மதுரைப் பக்கத்துப் பசுமலை அமெரிக்கன் மிஷன் வழி. இன்றைக்கு இரண்டும் மதுரை - ராமநாதபுரம் திருமண்டலம். இப்படி ஒரே குடைக்குள் வந்ததைச் சின்ன விஷயம் என்று நினைக்காதே.

அதற்கப்புறமும் நகர்ந்திருக்கிறது. 1964இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய வத்திக்கான் சங்கம், பிரிந்த சபையாரைச் சகோதரர் என்று எழுதியது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன்களும் கத்தோலிக்கரும், மனிதன் நீதிமானாவது கிருபையால்தான் என்று சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். லூத்தர் காலத்து முதல் சண்டையே அதுதானே. 2006இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். இதில் எதுவும் உன் சபை அறிவிப்புப் பலகையில் வந்திருக்காது. அது கையெழுத்துப் போட்டவர்கள் தப்பில்லை.

எங்கள் ஊர் கத்தோலிக்கக் கடற்கரைக் கிராமம், பெயர் வேண்டாம். பெரியப்பா வயதான காலத்தில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய், முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். இறந்தபோது, பல வருஷம் கோயில் வரி பாக்கி என்று ஊர்க் கமிட்டி கல்லறைத் தோட்டத்தைத் திறக்கவில்லை. பெட்டியோடு வாசலில் நின்றோம். அப்புறம் டவுனுக்குக் கொண்டுபோய் அடக்கினோம். பெரியப்பா மகன் இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை. எப்படிச் சமாதானம் ஆவது?

ஐயா, இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திருச்சபைச் சட்டத்தின் தலையில் இதைக் கட்ட முடியாது. வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவருக்கே, அவருடைய போதகர் கிடைக்காத நிலையில், ஆயர் அனுமதியோடு கத்தோலிக்க முறையில் அடக்கச் சடங்கு செய்யலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. உங்கள் பெரியப்பாவோ கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவர். பாஸ்டர் வாசலில் நின்று ஜெபித்திருந்தால் யாருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? பூட்டைப் போட்டது விசுவாசம் இல்லை, வரிநோட்டு. பெரியப்பா சபை மாறினதில் ஊருக்கு இருந்த ஆத்திரத்தை அந்த நோட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

இதே ஊர்க்காரர்கள் கடலில் எப்படி? வலை இழுக்க ஆள் கூப்பிடும்போது எந்தச் சபை என்று கேட்கிறார்களா? இலங்கைக்காரன் படகைப் பிடித்துக்கொண்டு போனால் தங்கச்சிமடத்தில் பந்தல் போட்டு எல்லாச் சபைப் பெண்களும் ஒரே பாயில்தான் உட்காருகிறோம். கரையில் ஆறடி நிலம் என்றதும் வேதம் பேச வந்துவிடுகிறது.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நீங்கள் மட்டும் போய்ப் பெரியப்பா மகனிடம் மன்னிப்புக் கேட்டுப் பிரயோஜனமில்லை. நீங்கள் பெட்டியைத் தூக்கியவர். பூட்டைப் போட்டவர்கள் போக வேண்டும். பங்குச்சாமியைப் பிடித்து, கமிட்டியிலிருந்து வயதில் மூத்த இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு அந்த வீட்டுப் படியேறச் சொல்லுங்கள். வெறுங்கையோடு போகக்கூடாது. இனி எந்தப் பிரேதத்தையும் வரி பாக்கிக்காகத் திருப்ப மாட்டோம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதை எடுத்துக்கொண்டு போகட்டும். நிலம் கோயில் பட்டாவா, புறம்போக்கா என்று வி.ஏ.ஓ.விடம் பார்த்துக்கொள்ளுங்கள். புறம்போக்கு என்றால் கமிட்டிக்குப் பூட்ட என்ன உரிமை என்ற கேள்வியே வேறு.

ஒரு எச்சரிக்கை. கல்லறைத் திருநாளுக்கு வா, பெரியப்பாவுக்காக ஜெபிப்போம் என்று அவரை அழைக்காதீர்கள். இறந்தவர்களுக்காக ஜெபிப்பதை அவர்கள் சபை ஏற்காது. நீங்கள் நல்ல மனதோடு கூப்பிட்டாலும் அது இன்னொரு குத்தலாகத்தான் விழும். வீட்டில் ஒரு விசேஷம் வரும்போது முதல் பத்திரிகையை அவர் வீட்டில் வையுங்கள்.

ஜனவரியில் கிறிஸ்தவ ஒன்றிப்பு ஜெப வாரம் என்று கூட்டம் போடுகிறார்களே, பலன் உண்டா? (ஒரு வாசகர், மண்டபம்)

ஜனவரி 18 முதல் 25 வரை, 1908இல் அமெரிக்காவில் தொடங்கிய வழக்கம். நம் பக்கம் வருவது வருஷாவருஷம் அதே வயதானவர்கள், அதே சுண்டல். ஆனால் 2013க்கான ஜெபங்களைத் தயாரித்துக் கொடுத்தவர்கள் இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கத்துப் பிள்ளைகள். பைபிளில் மீகா 6ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, தலித் மக்கள்மேல் நடக்கும் அநியாயத்தை உலகச் சபைகளின் முன்னால் வைத்தார்கள். எனக்குப் பிடித்த வருஷம் அது. சொந்தக் கோயிலில் சாதிக்கு ஒரு தெரு, சாதிக்கு ஒரு கல்லறை என்று வைத்துக்கொண்டு பக்கத்துச் சபைக்காரரோடு கைகுலுக்கிப் போட்டோ எடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

நான் சி.எஸ்.ஐ. பாட்டி. சாகுமுன் ஓரியூர் அருளானந்தர் கோயிலைப் பார்க்க ஆசை. அது ஆர்.சி. கோயில். ஐயர் என்ன சொல்வாரோ என்று பயம்.

போய் வாருங்கள் பாட்டி. அருளானந்தர் சாமியாரை விசுவாசத்துக்காக ஓரியூரில் வெட்டியது 1693இல். தரங்கம்பாடியில் முதல் புராட்டஸ்டண்ட் போதகர் சீகன்பால்கு வந்து இறங்கியதே 1706. நம் பக்கத்தில் இந்தப் பிரிவினை வருவதற்கு முந்தியவர் அவர். அங்கே போகிறவர்கள் எடுத்து வருகிற செம்மண்ணை எடுக்க மனம் ஒப்பாவிட்டால் எடுக்காதீர்கள், யாரும் கேட்கப் போவதில்லை. இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து போகிற இடத்தில் உங்களை யார் தடுப்பார்? ஐயரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அவரே கூட வந்தாலும் வருவார். அருளானந்தர் திருநாளான பிப்ரவரி 4ஐ ஒட்டிக் கூட்டம் தாங்காது, உங்கள் முழங்காலுக்கு ஆகாது. வேறு மாதத்தில் ஒரு வாரநாள் பாருங்கள். திருவாடானையில் பஸ் மாற வேண்டியிருக்கும், மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக்கொள்ளுங்கள்.