போருக்கும் அந்நியக் களைச்செடிகளுக்கும் என்ன தொடர்பு?

போரால் மனிதர்களுக்கு என்ன ஆகும் என்பது தெரியும். ஒரு மண்ணின் சொந்தச் செடிகொடிகளுக்கு என்ன ஆகும், அந்நியக் களைகளையும் போரையும் ஏன் சேர்த்துப் பேசுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வளவை வைத்தே பதில் சொல்கிறேன்.

எங்கள் காணி யாழ்ப்பாணத்தில், வலிகாமம் வடக்கில் இருக்கிறது. 1990 ஜூனில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறினோம். இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்ட அந்த நிலத்தில் மறுபடி கால் வைத்தது 2018இல். வீடு இருக்காது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டுதான் போனோம். வேலியும் இருக்காது என்று எங்களில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

யாழ்ப்பாணத்து வேலியைப் பார்த்திராதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அது உயிர்வேலி. கிளுவையும் பூவரசும் கதியால்களாக, அதாவது நட்டால் துளிர்த்து வளரும் வேலிக்கம்புகளாக, நிற்கும். அவற்றின் மேல் முசுட்டை, குறிஞ்சா, தூதுவளை எல்லாம் தாமாகவே படரும். அடியில் தும்பை, கீழ்க்காய்நெல்லி, மூக்கிரட்டை முளைத்துக் கிடக்கும். யாரும் விதைத்ததில்லை. அம்மா பின்னேரத்தில் ஒரு பனையோலைப் பெட்டியோடு வேலியைச் சுற்றி வந்தால் இரவு வறைக்கு முசுட்டை இலை கிடைத்துவிடும். சளி பிடித்தால் தூதுவளை. ஆண்டுதோறும் கதியால் வெட்டி, வேலி அடைத்து, வேண்டாததைப் பிடுங்கிப்போட ஆள் இருந்ததால்தான் அத்தனை செடிகளும் அங்கே பிழைத்தன. ஆள் போனார்கள், வேலி போனது, அதில் குடியிருந்தவையும் போயின.

நாங்கள் திரும்பியபோது, சவுண்டல் என்றும் சொல்லப்படும் அந்நிய மரமான இப்பில் இப்பில் சுவர் போல அடைத்து நின்றது. அதற்கிடையே, உண்ணிச்செடி என்னும் இன்னொரு அந்நியச் செடியான நாயுண்ணிப் புதர். வெயில் விழுந்த இடமெல்லாம் இடுப்பளவு பார்த்தீனியம்.

பார்த்தீனியத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இளசாக இருக்கும்போது கரட் இலை போல மண்ணோடு ஒட்டி விரிந்து கிடக்கும். பிறகு தண்டு எழுந்து, பொரி தூவியது போலச் சிறுசிறு வெள்ளைப் பூக்கள். பார்வைக்குச் சாதுவான செடி. முளைத்த ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்குள் பூத்துவிடும். ஒரு செடியே 15,000க்கும் அதிகமான விதைகளை உதிர்க்கும். அதன் வேரிலும் இலையிலும் உள்ள வேதிப்பொருள்கள் பக்கத்தில் மற்ற விதைகளை முளைக்க விடாமல் தடுக்கின்றன. மாடு தின்றால் பால் கசக்கும். அம்மா முதல் வாரம் வெறுங்கையால் பிடுங்கினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தடித்துச் சிவந்து, இரவெல்லாம் சொறிந்துகொண்டிருந்தார்.

மெக்சிகோவையும் அதைச் சுற்றிய வெப்பமண்டல அமெரிக்காவையும் சேர்ந்த இந்தச் செடி எங்கள் ஊருக்கு எப்படி வந்தது? 1987 முதல் 1990 வரை இங்கே இருந்த இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு வந்தது என்பதே பரவலாகச் சொல்லப்படும் காரணம். இந்தியாவிலிருந்து வந்த வெங்காய, மிளகாய் விதைகளோடு கலந்து வந்திருக்கலாம் என்போரும் உண்டு. இலங்கையில் இது வவுனியாவில் அடையாளம் காணப்பட்டு அறிவிக்கப்பட்டது 1999இல்தான். அதற்குள் அது வேண்டிய மட்டும் வேரூன்றிவிட்டது. சண்டை நடக்கும் நிலத்தில் புதிதாக முளைத்த ஒரு களையை யார் குனிந்து பார்ப்பார்கள்?

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே செடி முதலில் வேர்பிடித்ததற்கு, இரண்டாம் உலகப் போரின்போது அங்கே இறங்கிய அமெரிக்க விமான, இயந்திரப் பாகங்களோடு வந்த விதைதான் காரணம் என்று கருதுகிறார்கள். எத்தியோப்பியாவில் சோமாலியாவுடனான 1970களின் போரில் ஓடிய இராணுவ வாகனங்களையும், பிறகு பஞ்ச காலத்தில் வந்த நிவாரணத் தானியத்தையும் காரணம் காட்டுகிறார்கள். சக்கரத்தில் ஒட்டிய சேறும் மூட்டையில் கலந்த விதையும் இதற்குப் போதும்.

பனையின் கதை வேறு. அதைக் களை கொல்லவில்லை. பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் பனங்குற்றி தேவைப்பட்டதால் இராணுவம், புலிகள் என இரு தரப்பும் வெட்டினார்கள். எறிகணையில் தலை போனவை வேறு. போர் ஓய்ந்த பிறகு, போர்முனையாக இருந்த முகமாலைப் பக்கமாகப் பயணம் செய்தவர்கள் அந்த மொட்டைப் பனைகளை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பனை பாளை விடப் பதினைந்து ஆண்டுகளாவது ஆகும். அது விட்டுப்போன வெளியில் பார்த்தீனியம் ஆண்டில் மூன்று நான்கு தலைமுறை எடுத்துவிடுகிறது. எனக்கு மிகவும் வலிப்பது இந்தக் கணக்குத்தான்.

போர் காட்டைக் காப்பாற்றியது என்றும் ஒரு வாதம் உண்டு. வன்னியில் கண்ணிவெடிக்கும் துவக்குக்கும் பயந்து மனிதர் நுழையாத காடுகள் அடர்ந்தது உண்மைதான். ஆனால் அந்த வாதத்தைத் தோட்டமும் வேலியும் பனங்கூடலுமாக இருந்த நிலத்துக்குக் கொண்டுவராதீர்கள். மனிதரோடு சேர்ந்து வாழ்ந்த செடிகளுக்கு, மனிதர் இல்லாமல் போவதே பெரிய இழப்பு.

இப்போது மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது, கையில் உறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்குகிறோம். பூக்குமுன் பிடுங்க வேண்டும்; பூத்துவிட்டால் உலுக்காமல் பையில் போட்டு அங்கேயே எரிக்க வேண்டும். விலைக்கு வாங்கும் மாட்டெருவையும் ஒரு மூலையில் கொட்டிவைத்து, என்ன முளைக்கிறது என்று பார்த்த பிறகே தோட்டத்துக்கு எடுக்கிறோம். விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதால் இது ஓரிரு ஆண்டில் முடிகிற வேலை அல்ல.

கிழக்கு எல்லையில் கிளுவைக் கதியால் நட்டிருக்கிறோம். முசுட்டைக் கொடி ஒன்றை மாமி தன் வேலியிலிருந்து வெட்டித் தந்தார், பிடித்துவிட்டது. போன ஆவணியில் நாற்பது பனங்கொட்டை புதைத்தோம். இதுவரை பதினெட்டில் பீலி, அதாவது முதல் ஓலை, வந்திருக்கிறது. எது ஆண் பனை, எது பெண் பனை என்பது பாளை வரும்போதுதான் தெரியும். அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. காலையில் எழுந்ததும் முதலில் போய் அவற்றை எண்ணிவிட்டுத்தான் தேநீர் குடிக்கிறார்.