சாமி கும்பிடாதவர் குடியை விட முடியாதா?

கேள்வி: என் அண்ணன் பல வருடங்களாகக் குடிக்கிறார். கல்லூரிக் காலத்திலிருந்தே சாமி நம்பிக்கை கிடையாது. கயிறு கட்டிக் குடியை நிறுத்தும் கோயிலுக்குக் கூப்பிட்டோம், வரவில்லை. குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டத்துக்கு ஒருமுறை போனவர், “அங்கேயும் கடவுள்தான்” என்று திரும்பிவிட்டார். “சாமி இல்லேங்கிறவனை யாரு காப்பாத்துவா?” என்று அம்மா அழுகிறார். நம்பிக்கை இல்லாதவர்கள் மீளவே முடியாதா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: முடியும். உங்கள் அண்ணனுக்கு வந்திருக்கும் நோய் குடி, நாத்திகம் அல்ல. வீட்டில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டீர்கள். கொள்கையை மாற்றினால்தான் குணமாகும் என்று சொன்னால், அவர் கொள்கையைக் காப்பாற்றவே சண்டை போடுவார். குடி அப்படியே இருக்கும்.

அம்மா சொல்வது வெறும் பேச்சு என்றும் ஒதுக்க மாட்டேன். மாலை போட்ட நாளிலிருந்து ஒரு சொட்டுக்கூடத் தொடாதவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களில் சிலர் மாலையைக் கழற்றிய கையோடு கடைக்குப் போவதையும் பார்த்திருக்கிறோம். அப்படிப் போகிறவருக்கு ஐயப்பன் மேலிருந்த பக்தி ஒரே நாளில் போய்விட்டதா? இல்லையே. போனது வேறு. விரத நாட்களில் தெருவே அவரைச் ‘சாமி’ என்று கூப்பிட்டது. சேர்ந்து குடிக்கிறவர்கள் அவரைக் கூப்பிடவில்லை. விடிகாலையில் குளியல், சாயங்காலம் பஜனை, பக்கத்தில் அதே விரதத்தில் இருக்கும் நாலு பேர். மனைவி அவரைப் பார்த்துப் பயப்படவில்லை. 41 நாளோ 48 நாளோ அவரைத் தாங்கியதில் பெரும்பங்கு இந்த ஏற்பாட்டுக்குத்தான், அது மாலையோடு சேர்ந்து கழன்றுவிடுகிறது. இதே ஏற்பாட்டைச் சாமி பெயரைச் சொல்லியும் அமைக்கலாம், சொல்லாமலும் அமைக்கலாம்.

அண்ணன் போன கூட்டத்துக்கு வருவோம். 1935-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ஆக்ரன் என்ற ஊரில் தொடங்கியது அந்த இயக்கம். குடியிலிருந்து மீள அது சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், உண்மைதான். ஆனால் 1939-ல் அவர்களுடைய புத்தகம் வெளிவருவதற்கு முன்பே, உள்ளேயிருந்த நம்பிக்கையற்றவர்கள் சண்டை போட்டு, கடவுள் என்பதோடு ‘நாங்கள் புரிந்துகொண்ட வகையில்’ என்று சேர்க்க வைத்தார்கள். குடியை விட வேண்டும் என்ற விருப்பத்தைத் தவிர, உறுப்பினராவதற்கு வேறு நிபந்தனை கிடையாது. 1975-லேயே சிகாகோவில் நாத்திகர்களுக்கென்று தனிக் குழு வந்துவிட்டது. எல்லாம் சுமுகமாக நடந்தது என்றும் சொல்ல முடியாது. 2011-ல் டொரண்டோவில், கடவுளை எடுத்துவிட்டுப் படிகளை மாற்றி எழுதிய குழுக்களை அந்த நகரத்துக் கூட்டங்களின் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். மனித உரிமைத் தீர்ப்பாயம் வரை புகார் போன பிறகு, 2017-ல்தான் மறுபடி சேர்த்தார்கள். அந்த நீக்கம் தவறு என்பதே என் கருத்து.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட தொகுப்பு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 27 ஆய்வுகளைப் பரிசீலித்தது. தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில், இந்தக் கூட்டங்களுக்கு முறையாக வழிகாட்டி அனுப்பும் சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாக இருந்தது. ஏன்? ஹார்வர்டின் ஜான் கெல்லி குழுவினர் இதைத் தோண்டிப் பார்த்தார்கள். முதன்மையாகத் தெரிந்தவை, குடிக்காத புது நண்பர்களும், சோதனையான நேரத்தில் தாக்குப்பிடிக்க முடியும் என்ற தைரியமும். குடி மிகவும் முற்றியவர்களுக்கு ஆன்மிகமும் உதவியிருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். இருக்கிறவருக்கு அது கூடுதல் பலம். இல்லாதவருக்கு அதைத் திணித்தால் கூட்டத்தையே விட்டு ஓடிவிடுவார். அதைத்தான் உங்கள் வீட்டில் பார்க்கிறீர்கள்.

அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. கடவுள் இல்லை என்பது உங்கள் உரிமை, குடிப்பதற்கு அது காரணம் ஆகாது. ஒரு கூட்டத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பிரார்த்தனை நடக்கும்போது சும்மா இருங்கள். அதற்கப்புறம் ஒருவர் எழுந்து தன் கதையைச் சொல்வார், அதைக் கேளுங்கள். சாயங்காலம் கை அரிக்கும்போது போன் பண்ண அவருடைய நம்பரை வாங்கி வாருங்கள். அதுவும் ஒத்துவரவில்லையா? 1994-ல் தொடங்கிய ‘ஸ்மார்ட் ரிகவரி’ என்ற சுய உதவி அமைப்பு கடவுள் பேச்சே இல்லாதது, இணையவழிக் கூட்டங்களும் நடத்துகிறது.

இதற்கெல்லாம் முன்னால் டாக்டர். வருடக்கணக்காகத் தினமும் குடிப்பவர் கயிறு கட்டியோ, சபதம் போட்டோ ஒரேயடியாக நிறுத்தினால், முதல் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். உயிரே போகலாம். நிறுத்துவதற்கு முன்பே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதற்குத் தனிப் பிரிவு உண்டு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அப்புறம், ‘அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று யாராவது மாத்திரையோ பொடியோ நீட்டினால் வாங்காதீர்கள். குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்பிரம் என்ற மருந்து உள்ள மாத்திரையாக இருந்தால், அதற்கு மேல் குடிக்கும்போது ரத்த அழுத்தம் சரிந்து அவர் உயிருக்கே ஆபத்தாகும்.