மூன்றாவது ஃபைனான்ஸ் கடன் வாங்கலாமா? இட்லி மாவு விற்கும் வாசகிக்குப் பதில்

விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து கிலோ 40 ரூபாய்க்கு விற்கிறார். செலவு போக மாதம் 9,000 ரூபாய் நிற்கிறது, கணவர் கொத்தனார் வேலையில் 12,000 கொண்டுவருகிறார். ஏற்கெனவே இரண்டு ஃபைனான்ஸ் கடன்: ஒன்றுக்கு வாரம் 650, இன்னும் 14 வாரம் பாக்கி. இன்னொன்றுக்கு மாதம் 2,450. பெரிய கிரைண்டர் 26,000, பழைய ஃப்ரிட்ஜ் 12,000, ஆக 38,000 தேவை. ஃபைனான்ஸ்காரர் "60,000 வாங்கிக்கோங்க, 13 சதவீதம்தான், மிச்சத்துல பொண்ணுக்குக் காதுகுத்தை முடிச்சிடலாம்" என்கிறாராம். வாங்கலாமா?

வேண்டாம். இந்தக் கடனை இப்போது வாங்காதீர்கள்.

முதலில் அந்த 13 சதவீதத்தைப் பார்ப்போம். நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தாலும் கடைசி மாதம் வரை முழு 60,000-க்கும் வட்டி போடுகிற கணக்கு அது, 'ஃபிளாட்' வட்டி என்பார்கள். இரண்டு வருடத்துக்கு 15,600 வட்டி, மாதத் தவணை 3,150. குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று பார்த்தால் இது 23 சதவீதத்துக்கு மேல். அதோடு செயலாக்கக் கட்டணம், இன்சூரன்ஸ் என்று பிடித்துக்கொண்டு கையில் குறைத்துக் கொடுத்தால் இன்னும் ஏறும். ரிசர்வ் வங்கி விதிப்படி எல்லாக் கட்டணத்தையும் சேர்த்த ஆண்டு வட்டியைக் காட்டும் விவரத்தாளை உங்களுக்குப் புரியும் மொழியில் கொடுத்தே ஆக வேண்டும். அவர் வாயால் சொல்வதை விடுங்கள், அந்தத் தாளைக் கேளுங்கள்.

அடுத்தது தவணை. வாரத் தவணை மாதத்துக்குச் சுமார் 2,800, அதோடு 2,450, அதோடு 3,150. மொத்தம் 8,400. மாவு கொடுப்பது 9,000. 2022 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் உள்ள விதி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்கிறது. உங்கள் குடும்ப வருமானம் 21,000, பாதி 10,500, அதனால் விதிப்படி உங்களுக்குக் கடன் கொடுக்கலாம், அவர் தைரியமாகக் கேட்பதும் அதனால்தான். ஆனால் அந்தக் கணக்கில் கொத்துவேலை வருமானமும் சேர்ந்திருக்கிறது. ஐப்பசி மழையில் கொத்துவேலை நிற்கும், மாவு விற்பனையும் சுருங்கும், தவணை மட்டும் சுருங்காது. விற்பனை மந்தமான வாரத்தில் எவ்வளவு கட்ட முடியுமோ அதுதான் உங்கள் தவணை, நல்ல வாரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆந்திராவில் ஒரே வீட்டுக்கு நாலைந்து நிறுவனங்கள் கடன் கொடுத்து, 2010-இல் அரசு அவசரச் சட்டம் போடும் நிலைமை வந்ததே, அங்கேயும் இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் சேர்ந்தது.

சரி, தொழிலை என்ன செய்வது? நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி எனக்கு முக்கியமாகப் பட்டது: "சாயங்காலம் ரெண்டு கிலோ மாவு மிஞ்சிப் புளிச்சுப் போயிடுது." மாவு மிஞ்சுகிறது என்றால் இப்போதைக்குப் பெரிய கிரைண்டர் தேவையே இல்லை, ஃப்ரிட்ஜ்தான் தேவை. புளித்துக் கொட்டும் இரண்டு கிலோவில் ஒரு கிலோவை மறுநாள் காலையில் விற்றாலே மாதம் 1,200 ரூபாய். கரன்ட் பில் கொஞ்சம் ஏறும், ஆனாலும் லாபம்தான்.

அந்த 12,000-க்கு ஃபைனான்ஸ் எதற்கு? உங்கள் மகளிர் குழுவில் 12 பேர், கூட்டம் நடந்து ஒரு வருடமாகிறது, 70,000 சேமிப்பு வங்கியில் சும்மா கிடக்கிறது என்கிறீர்கள். அது உங்கள் பணம். ஊக்குநரையும் பிரதிநிதிகளையும் கூப்பிட்டு இந்த வாரமே உட்காருங்கள், தீர்மானம் எழுதி, ஒரு வட்டிக்கு 12,000 உள்கடன் எடுங்கள். பத்து மாதத்தில் அடைப்பதாக வைத்தால் அசல் மாதம் 1,200, முதல் மாத வட்டி 120, அப்புறம் குறைந்துகொண்டே வரும். அந்த வட்டியும் வெளியே போகாமல் குழுவுக்கே வரும். 1989-இல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கியபோதே இந்தச் சேமிப்பும் உள்கடனும்தான் அடிப்படை, நாம்தான் இடையில் விட்டுவிட்டோம்.

குழுவைத் திரும்ப நடத்துவதில் இன்னொரு பெரிய லாபம் இருக்கிறது. முடங்கிய குழுவை உயிர்ப்பித்து மூன்று மாதமாவது ஒழுங்காக நடத்தினால் வங்கிக் கடனுக்குத் தகுதி வந்துவிடும். கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டுவது, கணக்குப் புத்தகம் ஐந்தும் சரியாக இருக்க வேண்டும். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் உள்ள குழு என்றால் 3 லட்சம் வரை ஆண்டுக்கு 7 சதவீத வட்டிதான், சொத்து ஜாமீன் கிடையாது. உங்கள் வாரத் தவணை முடியவும் 14 வாரம், குழு தகுதி பெறவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அப்போது மாவு மிஞ்சாமல் பற்றாக்குறையாக இருந்தால் கிரைண்டருக்கு அந்தக் கடனைக் கேளுங்கள். காதுகுத்தைத் தயவுசெய்து தொழில் கடனோடு சேர்க்காதீர்கள், அந்தப் பணம் மாவாகத் திரும்பி வராது.

இருக்கிற இரண்டு கடனைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் போயிருந்த ஒரு சென்டர் கூட்டத்தில் (கடன் வாங்கியவர்களை ஓரிடத்தில் கூட்டித் தவணை வசூலிக்கும் கூட்டம்) ஒருவர் தவணை கட்டவில்லை என்பதற்காக மற்ற ஒன்பது பேரையும் மத்தியானம் வரை உட்காரவைத்திருந்தார்கள், அதில் ஒரு பெண் பால்குடிக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அப்படி உட்கார வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடவோ வீட்டுக்கு வரவோ கூடாது, உறவினர்களையும் கூட வேலை செய்பவர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது. தவணை தவறினால் அந்தத் தவணைக்கு மட்டும்தான் அபராதம், முழுக் கடனுக்கும் போட முடியாது. முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதமே இல்லை. மீறினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. ஃபைனான்ஸ் நிறுவனம் தவணை குறிக்கக் கொடுத்திருக்கும் கடன் அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கட்டும் ஒவ்வொரு தவணைக்கும் அதிலேயே கையெழுத்து வாங்குங்கள்.